வகுப்பில் 15 பேர்தான், ஆனாலும் பேச வரவில்லை

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் (பல துறைகளையும் பரவலாகப் படிக்கும்) பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறேன். மொத்தம் இரண்டாயிரம் மாணவர்கள். என் வகுப்பில் 15 பேர். ஒரு பாடத்தில் வகுப்பில் பேசுவதற்கு மட்டும் 20 சதவீத மதிப்பெண். நான் வாய் திறப்பதில்லை. கட்டுரைகள் நன்றாக இருந்தும் முதல் செமஸ்டரில் பி மைனஸ்தான் வந்தது. ஆஃபீஸ் ஹவர்ஸுக்கு, அதாவது மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர் தன் அறையில் இருக்கும் நேரத்துக்கு, வாருங்கள் என்கிறார்கள். சந்தேகமே இல்லாமல் போய் என்ன பேசுவது? இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மேஜர் (முதன்மைப் பாடம்) எது என்று சொல்லியாக வேண்டும். எனக்குப் பொருளாதாரமும் பிடிக்கிறது, இசையும் பிடிக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆஃபீஸ் ஹவர்ஸ் பிடிபட்டுவிட்டால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்த மாதிரி.

பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் அறிமுகப் பாடம் என்றால் அரங்கு நிறைய நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கட்டுரையைத் திருத்துபவர் பெரும்பாலும் அங்கே ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒரு மாணவர். உங்கள் இடத்தில் மேற்படிப்பு மாணவர்கள் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. பாடம் எடுப்பவரே உங்கள் கட்டுரையையும் படிக்கிறார். நிரந்தரப் பணிக்கு அவரைப் பரிசீலிக்கும்போது நன்றாகக் கற்பிக்கிறாரா என்பதற்கும் பெரிய எடை உண்டு. வில்லியம்ஸ் கல்லூரியில் டுடோரியல் என்றே ஒரு முறை இருக்கிறது. ஒரு பேராசிரியர், இரண்டு மாணவர்கள். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வாசிக்க, மற்றவர் அதை விமர்சிக்க வேண்டும். எல்லாக் கல்லூரியிலும் இது கிடையாது. ஆனால் ஆஃபீஸ் ஹவர்ஸ் எல்லா இடத்திலும் உண்டு, அதன் நோக்கமும் ஏறக்குறைய இதுதான். நீங்கள் கட்டும் கட்டணத்தின் பெரும்பகுதி இந்த நெருக்கத்துக்குத்தான் போகிறது. அதைப் பயன்படுத்தாமல் விட்டால் பெரிய பல்கலைக்கழகத்தின் நூலகமும் ஆய்வகங்களும் இல்லை, சிறிய இடத்தின் பலனும் இல்லை என்றாகிவிடும்.

சரி, போய் என்ன பேசுவது? சந்தேகம் வேண்டியதில்லை. திருத்தித் தந்த கட்டுரையை எடுத்துக்கொண்டு போங்கள். ஓரத்தில் 'இந்த வாதம் நிற்கவில்லை' என்று எழுதியிருக்கிறாரா? "நான் சொல்ல நினைத்தது இது, எந்த இடத்தில் சறுக்கியது?" என்று கேளுங்கள். அரை மணி நேரப் பேச்சு அதிலிருந்தே வந்துவிடும். அடுத்த கட்டுரைக்கு இரண்டு யோசனைகள் இருந்தால் இரண்டையும் சொல்லி, எதில் தோண்ட விஷயம் அதிகம் என்று கேட்கலாம். அவர் ஆய்வு செய்யும் துறைக்குள் எப்படி வந்தார் என்று கேட்டாலும் தவறில்லை. சொல்லக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். வெளியே இன்னொருவர் நின்றால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். செமஸ்டர் தொடங்கி மூன்று வாரத்துக்குள் முதல் தடவை போய்விடுவது நல்லது. தேர்வுக்கு முந்தைய நாளும், மதிப்பெண் வந்த மறுநாள் சண்டை பிடிக்கவும் மட்டும் வருகிறவர்களை அவர்களுக்கு நன்றாகவே அடையாளம் தெரியும். முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னாலும் நாக்கு எழாது என்பது தெரியும். 'புரொஃபஸர்' என்று அழைத்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிறகு மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால் வழக்கமாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். 'இவர் என் வகுப்பில் ஏ வாங்கினார்' என்ற கடிதத்துக்கு மதிப்பில்லை, அது மதிப்பெண் பட்டியலிலேயே தெரிகிறது. நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று எழுத வேண்டுமானால், யோசிப்பதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

வகுப்பில் பேசும் விஷயத்துக்கும் இங்கேயே ஆரம்பிக்கலாம். "எனக்குச் சட்டென்று குறுக்கே புகுந்து பேச வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பேசிவிடுவேன்" என்று பேராசிரியரிடம் நேரிலேயே சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துழைப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, முந்தின இரவு படிக்கும்போது பக்க எண்ணோடு ஒரே ஒரு கேள்வியை எழுதி வைப்பது. 'ஆசிரியர் 12ஆம் பக்கத்தில் இப்படிச் சொல்கிறார், 30ஆம் பக்கத்தில் அதற்கு எதிராகப் பேசுகிறாரே' என்ற அளவு போதும். அதை முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போக விவாதம் எங்கெங்கோ கிளை பிரியும். நீங்கள் தயாரித்தது பழசாகிவிடும். இன்னொரு மாணவர் சொன்னதைப் பிடித்து 'அது எனக்கு முழுதாகப் புரியவில்லை, கொஞ்சம் விளக்க முடியுமா' என்று கேட்பதும் பங்கேற்புதான். நீளமாகப் பேசுகிறவர்களுக்கே மதிப்பெண் விழுகிறது என்று நினைக்காதீர்கள். புத்தகத்தைப் படிக்காமல் பொதுவாக அளப்பவர் 15 பேர் வகுப்பில் ஐந்தே நிமிடத்தில் மாட்டிக்கொள்வார். உச்சரிப்பைப் பற்றிய கவலையை விடுங்கள், அதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

இனி மேஜர். இதில் உணர்ச்சியை விடக் கணக்கு உதவும். இப்படிப்பட்ட பல கல்லூரிகளில் நான்காண்டில் சுமார் 32 பாடங்கள். மேஜருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு போகும். எல்லாத் துறையிலும் கொஞ்சம் படிக்க வேண்டும் என்ற விதிக்கு ஒரு பங்கு. மீதி உங்கள் இஷ்டம். மைனருக்கு (துணைப் பாடத்துக்கு) ஐந்தாறு பாடங்கள் போதும். ஆக, பொருளாதாரம் மேஜர், இசை மைனர் என்பது தாராளமாக நடக்கும். குழு இசையும் தனிப்பயிற்சியும் பல இடங்களில் பகுதி கிரெடிட்டாகவே (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) சேரும். வீட்டில் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். அடுத்த செமஸ்டரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் அறிமுகப் பாடம் ஒன்றை எடுங்கள். பிடித்தால் வழி திறக்கும். பிடிக்காவிட்டால், எடுத்துப் பார்த்துவிட்டே சொல்கிறேன் என்று அப்பா அம்மாவிடம் பேசலாம்.

சிறிய கல்லூரிகளுக்கே உரிய ஒரு சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல துறைகளில் ஒரு சில பேராசிரியர்கள்தான் இருப்பார்கள். ஒருவர் ஆய்வு விடுப்பில் போனால் அவர் எடுக்கும் மேல்நிலைப் பாடம் அந்த ஆண்டு கிடையாது. சில பாடங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் வரும். பொருளாதாரத்தில் கால்குலஸ், பிறகு இடைநிலை மைக்ரோ எகனாமிக்ஸ், பிறகு எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராய்வது) என்று ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. நடுவில் ஒரு கண்ணி தவறினால் நான்காம் ஆண்டில் மூச்சு முட்டும். அதனால் மேஜரை அறிவிக்கும் முன்பே துறைத் தலைவரிடம் அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்தப் பாடம் எப்போது வரும் என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் இரண்டு விஷயங்கள். செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் இருந்தாக வேண்டும். ஒரு பாடத்தைக் கைவிட நினைத்தால் முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள், கைவிட்ட பிறகு அல்ல. அடுத்தது, படிப்பு முடிந்தபின் வேலை செய்யக் கிடைக்கும் ஓபிடி அனுமதி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு என்றால் மேலும் 24 மாத நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பொருளாதாரம் அந்தப் பட்டியலில் வருமா என்பது உங்கள் கல்லூரி அதற்குக் கொடுத்திருக்கும் சிஐபி எண்ணை, அதாவது படிப்புகளை வகைப்படுத்தும் எண்ணை, பொறுத்தது. 45.0603 என்றால் வரும், பொதுப் பொருளாதாரத்துக்கான 45.0601 வராது. பாடங்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் கல்லூரிக்குக் கல்லூரி எண் மாறும். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் ஏறுவதும் அந்த எண்தான். ஆகவே மேஜர் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ரெஜிஸ்ட்ராருக்கு (கல்லூரிப் பதிவாளருக்கு) ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எந்த எண் என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.