‘கரண்ட் இல்லை’ என்று லாக் புக்கில் எழுதாதீர்கள்

கேள்வி: தர்மபுரிப் பக்கம் தமிழ்வழியில் படித்தவன். ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்து, பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. வேலை தெரிகிறது. ஆனால் லாக் புக்கில் ஆங்கிலத்தில் எழுதும்போதும், இன்ஜினியரிடம் போனில் சொல்லும்போதும் தடுமாறுகிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தால் சரியாகுமா?

பதில்: தம்பி, தாராளமாகச் சேருங்கள். ஆனால் பேனல் முன்னால் நின்று பேச வேண்டிய ஆங்கிலத்தை அங்கே சொல்லித் தரமாட்டார்கள். அதற்கு முப்பது நாற்பது வார்த்தை போதும். ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்பதில் மட்டும் சந்தேகமே இருக்கக் கூடாது.

வீட்டில் நாம் எப்படிப் பேசுகிறோம்? ‘கரண்ட் போயிடுச்சு’, ‘கரண்ட் அடிச்சிடுச்சு’, ‘கரண்ட் கம்மியா வருது’, ‘கரண்ட் பில் கட்டணும்’. ஆங்கிலத்தில் முதலாவது பவர் அல்லது சப்ளை. இரண்டாவது ஷாக். மூன்றாவது வோல்டேஜ். நான்காவது எலக்ட்ரிசிட்டி பில். அதில் யூனிட் என்று கணக்குப் போடுவது எனர்ஜியை. நான்கில் ஒன்றுக்குக்கூட ஆங்கிலத்தில் கரண்ட் என்று சொல்வதில்லை.

நான் வேலைக்கு வந்த புதிதில் ‘நோ கரண்ட் இன் மோட்டார் த்ரீ’ என்று எழுதிவிட்டு ஷிஃப்ட் முடிந்து போய்விட்டேன். அடுத்து வந்தவர்கள் சப்ளையே இல்லை என்று எடுத்துக்கொண்டு, மெயின் பேனலில் தொடங்கி ஒவ்வொரு ஃபியூஸாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் வரைக்கும் 415 வோல்ட் சரியாக இருந்தது. மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் அதை நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலேதான் ட்ரிப் ஆகியிருந்தது, அதாவது விழுந்திருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தும் எழுதத் தெரியவில்லை. மெஷின் ஒன்றரை மணி நேரம் நின்றது. ‘சப்ளை ஓகே, ஓவர்லோடு ரிலே ட்ரிப்ட்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

தமிழ்வழியில் படித்ததைக் குறையாக நினைக்காதீர்கள். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்று பள்ளியில் படித்தீர்களே, அந்தப் பெயர்களிலேயே பொருள் இருக்கிறது. வோல்டேஜ் அழுத்தம், கரண்ட் ஓட்டம், ரெசிஸ்டன்ஸ் தடை. பிளக் பாயின்டில் எதையும் செருகாதபோதும் 230 வோல்ட் அழுத்தம் இருக்கும்; ஓட்டம் பூஜ்யம். 2000 வாட் கீசரைப் போட்டதும் சுமார் 8.7 ஆம்பியர் ஓடும், அதாவது 2000ஐ 230ஆல் வகுத்தால் வருவது. கீசருக்கு 6 ஆம்பியர் பாயின்ட் போதாமல் 16 ஆம்பியர் பாயின்ட் வைப்பது இதனால்தான்.

வோல்டேஜும் கரண்டும் வேறு வேறு என்பதற்குக் கர்நாடகத்திலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1902இல் காவிரி அருவி இருக்கும் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 90 மைல் தூரம் கம்பி இழுத்துக் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். அந்தச் சுரங்கங்களில் நம் பக்கத்து ஆட்கள் ஏராளமானோர் வேலை செய்தார்கள். அவ்வளவு தூரம் அனுப்ப வோல்டேஜை உயர்த்த வேண்டும். வோல்டேஜ் ஏறினால் அதே பவரைக் குறைந்த கரண்டில் அனுப்பலாம். கம்பி சூடாகி வீணாவதும் குறையும். ஒன்று ஏற, இன்னொன்று இறங்குகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு இதை யாருக்கும் விளக்க முடியாது.

அடுத்து, அக்ராஸ், த்ரூ என்ற இரண்டு சின்னச் சொற்கள். ‘வோல்டேஜ் அக்ராஸ்’, ‘கரண்ட் த்ரூ’ என்றுதான் சொல்ல வேண்டும், மாற்றிச் சொல்லக் கூடாது. உங்கள் கையில் இருக்கும் மீட்டரே காரணத்தைக் காட்டிவிடும். வோல்டேஜ் பார்க்க மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் இரண்டு இடத்தில் வைக்கிறீர்கள். அந்த இரண்டு இடத்துக்கு நடுவில் இருக்கும் அழுத்தம்தான் அக்ராஸ். கரண்ட் பார்க்கக் கிளாம்ப் மீட்டருக்குள் ஒரே ஒரு ஒயரை விடுகிறீர்கள். அந்த ஒயர் வழியாக ஓடுவதுதான் த்ரூ. ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து விட்டால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்துவிடும், மீட்டர் பூஜ்யம் காட்டும்.

உயிருக்கே ஆபத்தாகக்கூடியது ஓப்பன், குளோஸ். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அந்தப் பழக்கத்தில், சப்ளையை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்சான பிரேக்கரை ‘பிரேக்கர் ஓப்பன்’ என்றால் சப்ளை வருகிறது என்று நினைத்துவிடுவோம். நேர் எதிர். ஓப்பன் என்றால் சுற்று விட்டுப்போய்விட்டது, கரண்ட் ஓடாது. குளோஸ் என்றால் சுற்று கூடிவிட்டது, ஓடும். போனில் இன்ஜினியர் ‘குளோஸ் த பிரேக்கர்’ என்றால் ஆன் செய்யச் சொல்கிறார். சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல் ‘ஆன் ஆர் ஆஃப், சார்?’ என்று கேளுங்கள். அப்புறம், ஓப்பன் என்று பிறர் சொல்வதை நம்பிக் கை வைக்காதீர்கள். டெஸ்ட் செய்து ‘டெட்’ என்று நீங்களே உறுதி செய்துகொண்டுதான் தொட வேண்டும். லைவ் என்றால் அழுத்தம் இருக்கிறது, டெட் என்றால் இல்லை.

‘ஷார்ட் ஆயிடுச்சு’ என்பதும் கரண்ட் மாதிரிதான், எல்லாக் கோளாறுக்கும் அதையே சொல்கிறோம். கம்பி அறுந்திருந்தால் ஓப்பன் சர்க்யூட். ஃபேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டிக்கொண்டு கரண்ட் தாறுமாறாக ஏறினால் ஷார்ட் சர்க்யூட். எம்சிபி என்ற சின்ன பிரேக்கர் அந்த நொடியே விழும், அதாவது தானாக ஆஃப் ஆகிவிடும். ஒயரிங் சரியாக இருந்தும் லோடு அதிகமானால் ஓவர்லோடு. சூடாகிச் சற்று நேரம் கழித்து விழும். ஃபேஸ் மெஷின் பாடியைத் தொட்டுவிட்டால் எர்த் ஃபால்ட். எம்சிபி எப்போது விழுந்தது என்று சொன்னாலே, அது ஷார்ட்டா ஓவர்லோடா என்று இன்ஜினியர் போனிலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்.

லாக் புக்கில் இலக்கணத்தைத் தேடி நேரம் போக்க வேண்டாம். என்ன ஆனது, என்ன அளந்தீர்கள், எதைக் கண்டீர்கள், என்ன செய்தீர்கள், என்ன பாக்கி என்ற வரிசையில் துண்டு துண்டாக எழுதினால் போதும். இப்படி: ‘மோட்டார் த்ரீ நாட் ஸ்டார்ட்டிங். 415 வோல்ட்ஸ் பிட்வீன் ஆர் அண்ட் ஒய். ஓவர்லோடு ரிலே ட்ரிப்ட். பேரிங் ஜாம்ட். பிரேக்கர் ஓப்பன்ட் அண்ட் லாக்ட். ரிலே நாட் ரீசெட்.’ ஆர், ஒய் என்பவை மூன்று ஃபேஸில் இரண்டு. கடைசி இரண்டு வரியையும் எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் பேனலைத் தொடுவதற்கு முன் தேடுவது அதைத்தான்.