பெருங்காலிபர் ரைஃபிள்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

யானை வேட்டைக்காரர் டபிள்யூ. டி. எம். பெல்லைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்த குறிப்பை வாசித்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற அவர், அவற்றில் பெரும்பகுதியை 7 மில்லிமீட்டர் ரைஃபிளால் சுட்டார் என்பது எனக்கு வியப்பளித்தது. மான் சுடுகிற துப்பாக்கியே யானைக்குப் போதும் என்றால், .470, .577, .600 காலிபர் (அங்குலக் கணக்கில் குழலின் விட்டம்) என்று கட்டைவிரல் பருமனில் தோட்டாக்களைச் செய்தவர்கள் எதற்காகச் செய்தார்கள்? துப்பாக்கிகளில் ஆர்வமுள்ள நண்பர் ஒருவரிடம் கேட்டேன். பெரிய குண்டு விலங்கை அப்படியே தூக்கி வீழ்த்திவிடும், சிறிய குண்டு துளைத்துக்கொண்டு போய்விடும் என்றார். அது நிறைவான விடையாகத் தோன்றவில்லை. இதெல்லாம் வெறும் ஆண்மைப் பகட்டு என்றே நினைக்கிறேன். வேட்டைக்கே போகாதவர்களும் இத்துப்பாக்கிகளின் மீது மோகம் கொண்டிருப்பதைப் பார்க்கையில் அந்த எண்ணம் வலுக்கிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தங்கள் வாசகர்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். வேட்டை முகாம்களில் நூறாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் கருத்துதான் அது. ஆனால் பள்ளி இயற்பியலுக்கே அது தாங்காது. .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் குண்டு 500 கிரெய்ன், அதாவது சுமார் 32 கிராம் எடையுள்ளது. குழலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 655 மீட்டர். அந்தக் குண்டு 700 கிலோ எடையுள்ள ஓர் ஆப்பிரிக்கக் காட்டெருமையின் உடலில் புகுந்து உள்ளேயே நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டின் உந்தம் முழுவதையும் வாங்கிக்கொண்ட பிறகும் அந்த எருமை பின்னோக்கி நகரக்கூடிய வேகம் விநாடிக்கு 3 சென்டிமீட்டர்தான். யானையானால் மில்லிமீட்டரில்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதே நேரத்தில் சுட்டவரின் தோளை நோக்கி 5 கிலோ எடையுள்ள துப்பாக்கி விநாடிக்கு 5 மீட்டருக்கும் மேலான வேகத்தில் வந்து மோதுகிறது. இந்த நிகழ்வில் தூக்கி வீழ்த்தப்படுகிற ஆள் ஒருவர் உண்டென்றால், அவர் துப்பாக்கியின் பின்பக்கம்தான் நிற்கிறார்.

விலங்கு குண்டடி பட்டு விழுவதற்கு உண்மையில் இரண்டே வழிகள் உள்ளன. மூளையோ தண்டுவடமோ சிதைந்தால் நின்ற இடத்திலேயே சரியும். இதயமோ நுரையீரலோ சிதைந்தால், இரத்த அழுத்தம் வீழ்ந்து மூளைக்கு உயிர்வளி தீரும்வரை அது இயங்கிக்கொண்டிருக்கும். இதயம் கிழிந்துபோன விலங்குக்கும் பத்துப் பதினைந்து விநாடிகள் மிச்சமிருக்கலாம். இவ்விரண்டில் எதற்கும் குண்டு நேர்கோட்டில், சிதையாமல், போதிய ஆழத்துக்குச் சென்றாக வேண்டும். அந்த ஆழத்தைத் தீர்மானிப்பது பருமன் மட்டுமன்று. தன் குறுக்குவெட்டுப் பரப்பை ஒப்பிடக் குண்டு எவ்வளவு எடை உள்ளது, எவ்வளவு கெட்டியான உறையிட்டது என்பவை முதன்மையானவை. பெல்லின் 7 மில்லிமீட்டர் குண்டு 173 கிரெய்ன் எடையும், மெலிந்து நீண்ட உடலும், மழுங்கிய முனையும், முழு உலோக உறையும் கொண்டது. இந்த எடைக்கும் பரப்புக்குமான விகிதத்தைக் கணக்கிட்டால், பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் பொதுத் துப்பாக்கியாகப் புகழ்பெற்ற ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் .375 தோட்டாவின் 300 கிரெய்ன் குண்டுக்கு அது கிட்டத்தட்டச் சமமாக வருகிறது. பெல் யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் எந்த எலும்பைக் கடந்து அதை அடையலாம் என்று படித்தவர். தேன்கூடு போன்ற பொள்ளல் எலும்புக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் சிறிய இலக்கை அவரால் அடைய முடிந்தது என்பதில் மந்திரம் ஏதுமில்லை.

ஆனால் பெல் சுட்ட சூழ்நிலையையும் கூடவே பார்க்க வேண்டும். உகாண்டாவின் வடகிழக்கில் கரமோஜாப் பகுதியில், துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகாத மந்தைகளை, பெரும்பாலும் திறந்த வெளியில் அவர் அணுகினார். கோணம் சரியில்லை என்றால் சுடாமல் காத்திருக்கலாம், திரும்பியும் போகலாம். எப்போது சுடுவது என்ற முடிவு அவர் கையில் இருந்தது. அந்த முடிவு விலங்கின் கைக்குப் போய்விடும் தருணம் ஒன்று உண்டு. முதல் குண்டு பிழைத்த பிறகு வரும் அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் பெருங்காலிபர் ரைஃபிள் இன்றும் செய்யப்படுகிறது என்பது என் எண்ணம். அதன் கவர்ச்சியின் வேரும் அந்த அச்சத்தில்தான் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது வலிமையின் கவர்ச்சியாகத் தெரிகிறது.

காயம்பட்ட எருமை அடர்ந்த புதருக்குள் போய்விடுகிறது. பின்தொடர்ந்து செல்பவருக்கு அது இருபது முப்பது மீட்டர் தொலைவுக்குள்தான் கண்ணில் படுகிறது. அப்போது அது அவரை நோக்கி ஓடி வந்துகொண்டிருக்கிறது. அது தலையை உயர்த்தியபடி வருவதால் மூளையை மறைத்துக்கொண்டு மூக்கும் கொம்பின் அடிப்பகுதியும் முன்னால் நிற்கின்றன. எருமை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. இந்தத் தொலைவைக் கடக்க அதற்கு இரண்டு விநாடி போதும். இதயத்தில் சுட்டால் அதற்கு மிச்சமிருக்கும் பத்து விநாடிகள் உங்களை முடிப்பதற்குத் தாராளம். எனவே மூளையைத் தொட வேண்டும், அல்லது மூளைக்கு அருகிலாவது தாக்கி அதை நிலைகுலையச் செய்ய வேண்டும். இங்கேதான் பருமன் பொருள் பெறுகிறது. யானையின் மூளையை மயிரிழையில் தவறவிட்ட சிறிய குண்டு பெரும்பாலும் எந்த விளைவும் இல்லாமல் போய்விடும். அதே இடத்தைத் தாக்கிய 500 கிரெய்ன் குண்டோ யானையை மயங்கி மண்டியிடச் செய்து, அடுத்த குண்டுக்கு அவகாசம் தரும். பல வேட்டைக்காரர்கள் தனித்தனியாக இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய ஜான் டெய்லர் இதை ஒரு சூத்திரமாகவே ஆக்கினார். குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் விட்டத்தை அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 7,000-ஆல் வகுக்க வேண்டும். பெல்லின் தோட்டாவுக்கு 16 அளவில் வரும் எண், .470-க்கு 73 என்றும் .600-க்கு 155 என்றும் ஏறுகிறது. அறிவியலாக அதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் விட்டத்தையும் பெருக்கலில் சேர்த்ததன் மூலம், ஆற்றல் கணக்கு மட்டும் சொல்லாத ஓர் அனுபவத்தை அவர் எண்ணாக்க முயன்றார் என்று புரிந்துகொள்கிறேன்.

வரலாற்றைப் பார்த்தால் பருமனுக்கு முதலில் வேறு காரணம் இருந்தது. கரிமருந்தால் குண்டின் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. மென்மையான ஈயமும் எலும்பில் பட்டால் நசுங்கிவிடும். ஊடுருவலைக் கூட்டுவதற்கு எடையைக் கூட்டுவது ஒன்றே வழி. அப்படி வந்தவைதான் எட்டு போர் (bore), நான்கு போர் எனப்பட்ட துப்பாக்கிகள். நான்கு போர் என்றால் கால் பவுண்டு எடையுள்ள ஈய உருண்டை சரியாக நுழையும் குழல், அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட விட்டம். பிரித்தானிய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் இதற்கும் ஒரு படி மேலே போய், அரைப் பவுண்டு வெடிகுண்டைச் செலுத்தும் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். தன்னையே காற்றாடிபோலச் சுழற்றிவிடும் அதை அவர் அரிதாகவே சுட்டார். 1871-ல் பத்தொன்பது வயதில் ஆப்பிரிக்கா வந்த ஃபிரடெரிக் செலூஸ் நான்கு போர் துப்பாக்கிகளால்தான் யானை வேட்டையைத் தொடங்கினார். ஒருமுறை சுடாமல் போன துப்பாக்கியில் பணியாள் இன்னொரு முறை மருந்திட்டுக் கொடுத்துவிட, அது வெடித்தபோது செலூஸ் தூக்கியெறியப்பட்டார். அவற்றின் உதை தன் நரம்புகளைப் பாதித்துக் குறியையே கெடுத்துவிட்டது என்று பின்னாளில் அவர் வருந்தி எழுதினார். பெருங்காலிபரைப் புகழ்கிறவர்கள் செலூஸை மேற்கோள் காட்டும்போது இந்த வருத்தத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

1898-ல் ஜான் ரிக்பி நிறுவனம் கார்டைட் என்ற புகையற்ற மருந்திட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்ததும் அந்தப் பீரங்கிகளின் காலம் முடிந்தது. 31 கிராம் எடையுள்ள உறையிட்ட குண்டு, புகையில்லாமல், பழைய வேகத்தை வெகுவாகத் தாண்டிப் பாய்ந்தது. வெப்பமண்டல வெயிலில் கார்டைட்டின் அழுத்தம் ஏறும் என்பதால், சுட்ட கூடு துப்பாக்கியின் தோட்டா அறையில் சிக்கிக்கொள்ளாமலிருக்கப் பெரிய பித்தளைக் கூட்டில் குறைந்த அழுத்தத்தில் இயங்கும்படி இத்தோட்டாக்களை அமைத்தார்கள். இன்று நாம் கம்பீரம் என்று வியக்கும் அந்த நீண்ட கூட்டின் பின்னணி இதுதான். .470 பிறந்ததற்கும் விலங்குகள் காரணமல்ல. .450 தோட்டாக்கள் கிளர்ச்சியாளர்களின் கையிலிருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கு உதவக்கூடும் என்று அஞ்சிய பிரித்தானிய அரசு, 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 காலிபரைத் தடைசெய்தது. துப்பாக்கி நிறுவனங்கள் ஆளுக்கொன்றாக .465, .470, .475, .476 என்று எண்ணைச் சற்றே மாற்றி அதே வேலையைச் செய்யும் தோட்டாக்களைச் சந்தைக்கு விட்டன. ரசிகர்கள் நுணுகி நுணுகி ஒப்பிடும் இவ்வேறுபாடுகள் பலவும் ஓர் அரசாணையைச் சுற்றிப் போவதற்காகப் பிறந்தவை.

வேட்டைக்குப் போகாதவர்களின் மோகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களை ஈர்ப்பது பெரும்பாலும் இரட்டைக்குழல் ரைஃபிள் என்ற பொறி. அதைப் பகட்டு என்று நான் ஒதுக்கமாட்டேன். நெம்புகோலைத் தள்ளினால் குழல்கள் மடிந்து திறக்கின்றன. இரண்டு தோட்டாக்களும் தம் எடையிலேயே உள்ளே வழுக்கி இறங்குகின்றன. மூடும்போது எழும் ஒலியிலேயே வேலைப்பாட்டின் தரம் தெரிகிறது. இரண்டு குழல்கள், இரண்டு விசைகள், தனித்தனியான இரண்டு சுடும் பொறிகள். ஒன்று பழுதானாலும் மற்றது சுடும். இரண்டாவது குண்டுக்குத் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்கவோ, அடுத்த தோட்டாவை ஏற்றப் போல்ட்டை இழுக்கவோ வேண்டாம், விரலை ஒரு விசையிலிருந்து மற்றதற்கு நகர்த்தினால் போதும். இதில் மிகக் கடினமான வேலை கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு குழல்களும் ஒரே இடத்தில் சுட வேண்டும்; ஆனால் வலக்குழல் சுடும்போது துப்பாக்கி வலப்புறமாகவும், இடக்குழல் சுடும்போது இடப்புறமாகவும் உதைக்கிறது. அதை ஈடுகட்டக் குழல்களைச் சற்றே முன்பக்கம் நெருங்கும்படி இணைக்கிறார்கள். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட முடியாது. கைவினைஞர் சுட்டுப் பார்க்கிறார், குழல்முனையிலுள்ள பற்றவைப்பை உருக்குகிறார், இடையிலிருக்கும் சிறு ஆப்பை மயிரளவு நகர்த்துகிறார், குளிரவைத்து மீண்டும் சுட்டுப் பார்க்கிறார். இரண்டு குழலின் குண்டுகளும் ஒன்றுகூடும்வரை இது நாள்கணக்கில் நடக்கும். அத்தனையும் ஒரே ஒரு வகைத் தோட்டாவுக்குத்தான் பொருந்தும். மருந்தளவோ குண்டின் எடையோ மாறினால் குழல்கள் மறுபடி பிரிந்து சுடும். காலத்தைக் காட்டுவதற்கு மலிவான கருவிகள் ஆயிரம் இருந்தும் கையால் செய்த கடிகாரத்தைத் தேடுகிறவர்கள் இல்லையா, அந்த ரசனைதான் இது.

பகட்டு இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 1988-ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் வெளிக்கொண்டுவந்த .700 நைட்ரோ எக்ஸ்பிரஸின் குண்டு 1,000 கிரெய்ன், அதாவது 65 கிராம். .600-ஆல் முடியாத எந்த வேலையை அது செய்யப்போகிறது என்று கேட்டால் விடை கிடையாது. சேகரிப்பாளர்களின் ஆசைக்காகச் செய்யப்பட்டது அது. அதைச் சுமந்துகொண்டு புதருக்குள் நாள் முழுக்க நடப்பதும் எளிதன்று. உதைக்கு அஞ்சி விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவருக்கு எந்தக் காலிபரும் உதவாது. தோள் வலிக்கிறது என்று வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்தான் இதில் மிகுதியாக மாட்டிக்கொள்கிறார்கள். எடுத்ததும் எல்லோரும் பெருங்காலிபருக்குப் போவதைப் பகட்டு என்று நீங்கள் சொன்னால், அந்த அளவில் நானும் உங்களோடு உடன்படுகிறேன். விலங்குகளை விளையாட்டுக்காகக் கொல்வதில் எனக்கு உடன்பாடில்லை என்பதை வேறிடங்களில் எழுதியிருக்கிறேன். இங்கே பேச்சு கருவியைப் பற்றியது என்பதால் அதற்குள் போகவில்லை.

தொழில்முறை வேட்டை வழிகாட்டிகளின் நடைமுறை உங்கள் கேள்விக்கு என்னைவிட நன்றாக விடை சொல்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்கு .375 அல்லது அதை ஒட்டிய அளவுதான் சட்டப்படியான கீழ்வரம்பு. தம்மிடம் வருபவர்களிடம் வழிகாட்டிகள் 1912-ல் வந்த அந்த .375-ஐயோ, ஒரு வருடம் முன்னதாக வந்த .416 ரிக்பியையோ கொண்டுவரச் சொல்கிறார்கள்; வீட்டிலேயே நன்றாகச் சுட்டுப் பழகிய துப்பாக்கியாக இருக்கட்டும் என்று வற்புறுத்தவும் செய்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் விலங்கை, தொலைநோக்கி வழியே நிதானமாகக் குறிபார்த்துச் சுடும் முதல் குண்டு அப்படி வருபவர்களுடையது. அதே வழிகாட்டிகள் தங்கள் தோளில் .458-ஐயோ, .470 இரட்டைக்குழலையோ, .500-ஐயோ சுமந்து வருகிறார்கள். வந்தவரின் குண்டு சரியாகப் பட்டுவிட்டால் அன்று முழுவதும் அந்தத் துப்பாக்கி சுடப்படுவதே இல்லை.

அன்புடன்.