ஹீட்டருக்கு ஒரு காவல் போதாது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூன்றடித் தொட்டியில் டிஸ்கஸ் மீன் வளர்க்கிறேன். 300 வாட் ஹீட்டரை 28 டிகிரியில் வைத்திருந்தேன். சாயங்காலம் தோட்டத்து வேலை முடிந்து வந்து பார்த்தால் தண்ணீர் 34 டிகிரி, இரண்டு மீன்கள் செத்துக் கிடந்தன. காலையில் நன்றாகத்தான் இருந்தன. கன்ட்ரோலர் (தண்ணீர்ச் சூட்டை அளந்து ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் தனிக் கருவி) மாட்டினால் இது மறுபடி நடக்காதா? (வாசகர், ரிங்லெட்)

பதில்: ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் ஒரு சிறிய உலோகப் பட்டை வளைந்து நிமிர்ந்து இரண்டு முனைகளைச் சேர்க்கிறது, பிரிக்கிறது. பிரியும்போதெல்லாம் சின்னப் பொறி ஒன்று பறக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பொறிகள். ஒருநாள் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் குமிழை எங்கே திருப்பினாலும் ஹீட்டர் அணையாது.

உங்கள் ஹீட்டர் அன்றைக்கு முன்பே கூட ஒட்டியிருக்கலாம். மூன்றடித் தொட்டியில் சுமார் 160 லிட்டர் தண்ணீர் இருக்கும். 300 வாட் அதை அறையை விட ஏறக்குறைய 10 டிகிரி உயர்த்தி வைக்கும். இரவில் அறை 18 டிகிரிக்கு இறங்கும் உங்கள் ஊரில் ஒட்டிய ஹீட்டரும் தண்ணீரை 28-இல்தான் நிறுத்தும். பார்ப்பவருக்குப் பழுதே தெரியாது. பகலில் கூரைத் தகரம் காய்ந்து அறை 24, 25 ஆகும்போதுதான் வேஷம் கலையும்.

ஆகவே முதலில் ஒரு பெரிய ஹீட்டரை இரண்டு சிறியதாக மாற்றுங்கள். 300-க்குப் பதில் இரண்டு 150 வாட். ஒன்று ஒட்டினால் தண்ணீர் அறையை விட ஐந்தாறு டிகிரிதான் ஏறும். பகலில் 30, 31. டிஸ்கஸ் தாங்கும். ஒரு ஹீட்டர் செத்தால் மற்றது பாதிக் குளிரையாவது தடுக்கும். தொட்டியின் பின்புறமும் அடியிலும் ஒரு அங்குல பாலிபோம் (வெள்ளை நுரைப் பலகை), மேலே மூடி போட்டால் ஹீட்டருக்கு வேலை குறையும்.

அடுத்து கன்ட்ரோலர். மின்வேலை தெரியாதவர்கள் பிளக்கிலேயே மாட்டும் வகையை வாங்குவது நல்லது. இங்க்பேர்ட் ஐடிசி-308 அப்படிப்பட்டது, 10 ஆம்பியர் தாங்கும். எஸ்டிசி-1000 மலிவு. ஆனால் 230 வோல்ட் முனைகள் வெளியே தெரியும், பெட்டிக்குள் அடைத்தே தீர வேண்டும். அதில் 1, 2 எண் முனைகள் மின்சாரம். 3, 4 சென்சார், தண்ணீருக்குள் இருந்து சூட்டை அளப்பது. 5, 6 ஹீட்டர். 7, 8 குளிரூட்டி. 5, 6 வெறும் சுவிட்ச் முனைகள், மின்சாரம் தானாக வராது. லைவ் வயரை அவற்றின் வழியாகக் கொண்டுபோக வேண்டும். முதன்முறை மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

கன்ட்ரோலரை 28-இல், வித்தியாசத்தை 0.5-இல் வையுங்கள் (எஸ்டிசி-யில் எஃப்1, எஃப்2). தண்ணீர் 27.5 ஆனதும் மூட்டும், 28-இல் அணைக்கும். ஹீட்டர்களின் குமிழை மட்டும் 30-இல் வையுங்கள். எல்லாவற்றையும் 28-இல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நிறைய. அப்போது ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டே முந்திக்கொண்டு மூட்டி அணைத்துத் தேயும், கன்ட்ரோலர் வேடிக்கை பார்க்கும். 30-இல் வைத்தால் அன்றாட வேலையைக் கன்ட்ரோலரின் ரிலே, அதாவது அதற்குள் இருக்கும் தானியங்கி சுவிட்ச், செய்யும். 10 ஆம்பியர் ரிலேவுக்கு 300 வாட், அதாவது 1.3 ஆம்பியர், ஒரு சுமையே இல்லை. அந்த ரிலே ஒட்டினாலும் ஹீட்டர் 30-இல் தானே அணையும். இரண்டும் ஒரே நாளில் ஒட்டுவது அபூர்வம்.

குமிழில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள், இரண்டு டிகிரி தவறுவது சகஜம். கன்ட்ரோலர் இல்லாமல் ஹீட்டரை நேராக மாட்டி, தனித் தெர்மாமீட்டர் 30 காட்டும்போது ஹீட்டர் விளக்கு அணைகிறதா என்று பார்த்துக் குமிழைத் திருத்துங்கள். பிறகே கன்ட்ரோலர் வழியாக.

கேள்வி: சென்சாரை எங்கே வைப்பது? கன்ட்ரோலர் 29.5 காட்டுகிறது, கையை விட்டால் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: சென்சாருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். இதில் இருப்பது வெப்பம் ஏற ஏறத் தடை குறையும் வகை. ஈரம் கசிந்தாலும் தடை குறையும்; கன்ட்ரோலர் அதைச் சூடு என்று எடுத்துக்கொண்டு ஹீட்டரை மூட்டாது. சென்சாரை மாற்றுங்கள், காய வைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

சரிபார்க்க வீட்டிலுள்ள காய்ச்சல் தெர்மாமீட்டர் போதும். ஒரு கோப்பையில் வெதுவெதுப்பான, 37 டிகிரி அளவுத் தண்ணீர். இரண்டையும் சேர்த்து நனைத்து ஒரே நேரத்தில் படியுங்கள். ஒரு டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் எஸ்டிசி-யில் எஃப்4-இல் திருத்தலாம். அதற்கு மேல் போனால் சென்சார் வேண்டாம்.

ஹீட்டருக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் ஓடும் இடத்தில், நடு ஆழத்தில் சென்சாரை வையுங்கள். உறிஞ்சு பிடிப்பான் மட்டும் போதாது, கேபிள் டையால் கட்டுங்கள். நழுவி வெளியே தொங்கினால் அறைக் காற்றைத் தண்ணீர் என்று நினைத்து ஹீட்டரை மூட்டிக்கொண்டே இருக்கும். குமிழ் 30-இல் இருந்தால் அன்றைக்கு அதுதான் மீன்களைக் காக்கும்.

உங்கள் ஊரில் மழை இரவில் 24 டிகிரிதான் ஆகும் என்பதால் 160 லிட்டருக்கு இரண்டு 75 வாட் தாராளம். ரிங்லெட்காரர் கணக்கை நீங்கள் பின்பற்ற வேண்டாம்: 30 டிகிரி அறையில் 300 வாட் ஒட்டினால் தண்ணீர் 40-ஐத் தொடும்.

கேள்வி: தண்ணீர் மாற்றும்போது ஹீட்டர் கண்ணாடி வெடித்துவிட்டது. ஏன்? (வாசகர், பீடோர்)

பதில்: தண்ணீர் மட்டம் குறைந்து, காற்றில் நின்ற சூடான கண்ணாடி மேல் குளிர்நீர் பட்டிருக்கும். மாற்றுவதற்கு 20 நிமிடம் முன்பே பிளக்கைப் பிடுங்குங்கள், நிரப்பிய பிறகே மாட்டுங்கள். உள்ளே பனி படிந்த ஹீட்டரைத் தூக்கி எறியுங்கள். 13 ஆம்பியர் பிளக்கில் 3 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். வயர் பிளக்கை அடையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டும். வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர்தானா என்று பார்த்து, மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்.