‘நைஸ்’ மாறியது இருக்கட்டும், ‘கூலி’ மாறியது யாரால்?

"நைஸ் என்றால் ஒருகாலத்தில் முட்டாள் என்று அர்த்தமாமே, உண்மையா? ஆங்கிலச் சொற்களின் பொருள் இப்படித் தலைகீழாக மாறுவதற்கு யார் காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சுருக்கமாகவும் இரண்டாவதற்குக் கொஞ்சம் நீளமாகவும் பதில் சொல்கிறேன். இரண்டாவது எங்கள் குடும்பத்தோடு சம்பந்தப்பட்டது.

உண்மைதான். அறியாதவன் என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து நைஸ் ஆனது. வந்த புதிதில் மூடன், பேதை என்றுதான் பொருள். பிறகு எதற்கும் அதிகமாக அலட்டிக்கொள்பவன், அப்புறம் நுணுக்கம் பார்ப்பவன், நுட்பமானது என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டு வாக்கில் இனிமையானது என்று வந்து நின்றது. சில்லி என்ற சொல் எதிர்த்திசையில் போனது. முதலில் பாக்கியசாலி, பிறகு வெகுளி, பிறகு பாவப்பட்டவன், இன்றைக்கு அசடு. நம்மிடம் நாற்றம் நறுமணத்திலிருந்து எங்கே போய் நின்றது என்று தெரிந்தவர்களுக்கு இது பெரிய அதிசயமாக இருக்காது.

ஆனால் இந்த உதாரணங்களை மட்டும் பார்த்தால், சொற்கள் ஆற்றில் விழுந்த இலைபோலத் தானாக மிதந்து போகின்றன என்று தோன்றிவிடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. நமக்கெல்லாம் சினிமாவால் பழகிய வில்லன் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதல் பொருள் பண்ணையில் வேலை செய்கிறவன். லத்தீனில் வில்லா என்றால் பண்ணை வீடு. அதைச் சேர்ந்த உழவன்தான் வில்லன். அவன் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை, நிலத்தை உழுதான், அவ்வளவுதான். கோட்டையில் இருந்தவர்கள் அவனைப் பற்றிப் பேசிய தொனி அந்தச் சொல்லில் படிந்து படிந்து, நாகரிகம் இல்லாதவன், கீழ்மகன், கடைசியில் கொடியவன் என்று ஆகிவிட்டது. இன்னும் தெளிவான ஜோடி ஒன்று இருக்கிறது. நைட் (knight), நேவ் (knave) இரண்டுமே பழைய ஆங்கிலத்தில் சிறுவன் என்ற பொருளில் இருந்தவை, வேலைக்கார இளைஞனையும் குறித்தவை. அரசனுக்குப் பக்கத்தில் குதிரை ஏறியவனைக் குறித்த நைட் வீரன் என்று உயர்ந்தது. எடுபிடி வேலையிலேயே நின்றவனைக் குறித்த நேவ் அயோக்கியன் என்று தாழ்ந்தது. புறப்பட்ட இடம் ஒன்று. யாரைக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டவர் எந்த இடத்தில் இருந்துகொண்டு கூப்பிட்டார் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது எங்கள் வீட்டு விஷயம். நாங்கள் மலேசியாவில் பினாங்கு, செபராங் பிறை பக்கம். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கடைசிவரை பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார். போன வருடம் குடும்ப ஒன்றுகூடலுக்காக எல்லோருடைய பழைய பத்திரங்களையும் சேர்த்து ஒரு சின்னக் குடும்பப் புத்தகம் போடலாம் என்று நான் இறங்கினேன். அம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். அதில் பெரியம்மாவின் பிறப்புப் பத்திரம் இருந்தது, 1936ஆம் வருடத்தியது. மடித்த இடங்களில் கிழிந்து, பின்பக்கம் யாரோ சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். தகப்பன் தொழில் என்ற கட்டத்தில், நீல மையில், நல்ல சாய்ந்த கையெழுத்தில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: கூலி. அதே டின்னில் அம்மாவின் பத்திரம், 1951. அதே தகப்பன், அதே தோட்டம், அதே மரங்கள். தொழில் என்ற கட்டத்தில் லேபரர் என்று இருந்தது. பதினைந்து வருடத்தில் தாத்தாவின் வேலையில் ஒன்றும் மாறவில்லை, சொல் மட்டும் மாறியிருந்தது. நான் அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலத்தின் கூலிக்கு அகராதிகள் இரண்டு மூலம் சொல்கின்றன. ஒன்று குஜராத் பக்கத்துக் கோலி என்ற மக்களின் பெயர். மற்றது நம் தமிழ்க் கூலி. 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் என்ற பழைய ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியமே இரண்டையும் பேசுகிறது. மேற்குக் கரையில் ஒன்றும் சோழமண்டலக் கரையில் மற்றதும் காதில் விழுந்து, இரண்டும் ஒன்றாகிவிட்டன என்றுதான் எனக்குப் படுகிறது. எப்படி இருந்தாலும், தமிழில் கூலி என்பதற்கு முதல் பொருள் ஆள் இல்லை. செய்த வேலைக்குக் கைமேல் வரும் பணம் அல்லது தானியம். குறளில் "மெய்வருத்தக் கூலி தரும்" என்று வருகிறதே, அங்கே தெய்வத்தால் ஆகாததைக்கூட முயற்சி தரும் என்று சொல்கிற இடத்தில் வள்ளுவர் எடுத்துப் போட்ட சொல் இது. உடம்பு வருந்தியதற்குக் கிடைக்கும் பலன். அதில் துளிகூட இழிவு இல்லை, பெருமைதான் இருக்கிறது.

அங்கிருந்து சொல் எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு அடியும் சின்ன அடி. துறைமுகத்தில் மூட்டை இறக்க ஆள் பிடித்த ஐரோப்பியர் வாயில், கூலி வாங்குகிறவனே கூலி ஆனான். பணத்தின் பெயர் ஆளின் மேல் ஏறியது. அப்புறம் தமிழனோ சீனனோ, உடம்பால் உழைக்கும் ஆசியத் தொழிலாளி எவனும் கூலி. சீனர்கள் இதே ஒலியை எழுதக் கசப்பு, வலிமை என்ற இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அது அவர்களுக்கே நேர்ந்த அனுபவம், அதைவிடப் பொருத்தமாக எழுத முடியாது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833இல் வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரிஷியஸுக்கு, 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கு, 1860இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு என்று ஒப்பந்தத்தில் ஆட்கள் போனார்கள். இங்கே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் அப்படித்தான் வந்தார்கள். அதோடு கூலி என்பது வாய்ப்பேச்சாக மட்டும் இல்லாமல் ஒப்பந்தத்திலும் கப்பல் பதிவிலும் அரசாங்க அறிக்கையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. எழுத்தில் ஏறிய பிறகு ஒரு சொல்லை இறக்குவது கஷ்டம்.

கடைசி அடிதான் பெரிய அடி. தென்னாப்பிரிக்காவில் கூலி என்பது வேலையின் பெயராக இல்லாமல் இனத்தின் பெயராகிவிட்டது. அங்கே கடை வைத்திருந்த வியாபாரிகூடக் கூலி வியாபாரி. 1893இல் போய் இறங்கிய காந்தி, லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்தவர், அவரைக் கூலி பாரிஸ்டர் என்றார்கள். யோசித்துப் பாருங்கள், அவர் தமிழரும் இல்லை, மூட்டை தூக்கியவரும் இல்லை. வாங்கும் சம்பளத்தின் பெயராகப் புறப்பட்ட சொல், தோலைப் பார்த்தவுடன் ஒட்டுகிற பெயராகப் போய் நின்றது. இன்றைக்கு அங்கேயும் கரீபியத் தீவுகளிலும் ஒருவரை அப்படிக் கூப்பிட்டால் அது வசை.

ஆகவே யார் காரணம் என்ற கேள்விக்கு என் பதில், தனி ஒருவர் இல்லை, ஆனால் எல்லோருமே சமமான காரணமும் இல்லை. கூப்பிடுகிற இடத்தில் இருந்தவர்கள்தான் அதிகம் தள்ளினார்கள். பத்திரத்தில் நல்ல கையெழுத்தில் எழுதிய அந்த ஆளுக்குத் தாத்தாவின் மேல் எந்த வன்மமும் இருந்திருக்காது. தினமும் இருபது தடவை எழுதும் சொல்லை இருபத்தோராவது தடவை எழுதியிருப்பார். பொருள் மாறுவது பெரும்பாலும் அப்படித்தான், யோசிக்காத கைகளில்.

சரி, சொல் மேலே ஏறுவது எப்போது? அழைக்கப்பட்டவர்கள் வாய் திறக்கும்போது. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் நின்றது, ஆனால் ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக் கொண்டுவரும் கங்காணி வழியாக ஆள் வருவது தொடர்ந்தது, 1938இல் இந்திய அரசாங்கம் தடை போடும் வரை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்டார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். கூடவே ஒன்று கேட்டார்கள்: தோட்டத்துத் துரையோ, கிராணி என்கிற தோட்டத்து எழுத்தரோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம், ஏறியபடியே போக அனுமதி வேண்டும். அந்தக் கோரிக்கையை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 1936க்கும் 1951க்கும் நடுவில் அந்தக் கட்டத்தில் சொல் மாறியதற்குப் பின்னால் போரும் தொழிற்சங்கமும் மட்டுமல்ல, அந்தச் சைக்கிள்களும் இருக்கின்றன என்றே நம்புகிறேன்.

எல்லாச் சொல்லும் இப்படி ரணமாகப் பயணம் செய்வதில்லை. பினாங்கில் காரைப் பின்னால் எடுக்கச் சொல்ல கோஸ்தான் என்கிறோமே, அது கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தச் சொல்லும் 'கோ ஆஸ்டர்ன்' என்ற ஆங்கிலக் கட்டளை. துறைமுகத்தில் கேட்ட காதுகள் அதைக் காருக்குக் கொண்டுவந்துவிட்டன, மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் சொல்கிறோம், யாருக்கும் வலிக்கவில்லை. தோட்டத்தில் லயம் என்பது லைன் என்ற ஆங்கிலச் சொல்தான், வரிசை வீடு. விடியற்காலையில் பேர் கொடுக்க நிற்கும் பிரட்டு, பரேடு. எங்கள் பாட்டிகள் அவற்றை எடுத்துத் தமிழாகவே ஆக்கிக்கொண்டார்கள், அவர்கள் காதில் அவை வெள்ளைக்காரன் சொற்களாகவே விழவில்லை. இன்னொரு பக்கம் இங்கே இந்தியரைக் குறிக்கும் கெலிங் என்ற சொல்லைப் பாருங்கள். கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் அது கம்பீரமாக நிற்கிறது. அதே சொல்லைத் தெருவில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் கை ஓங்கிவிடும். ஒரே ஊரில், நடந்து போகிற தூரத்தில், ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்.

நடைமுறையாகக் கேட்டால், ஆங்கிலத்தில் வரலாறு எழுதும்போது கூலி என்ற சொல்லைத் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து. அந்தக் காலத்துத் தாளில் அப்படி எழுதியிருந்தது என்று சொல்லி, அப்படியே காட்ட வேண்டும். இன்றைய ஆள் ஒருவரை ஆங்கிலத்தில் அப்படிக் குறிக்கக் கூடாது. தமிழில் கூலி என்று தாராளமாகச் சொல்லலாம், அது உழைப்பின் விலை, அதை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

குடும்பப் புத்தகத்தில் பெரியம்மாவின் பத்திரத்தைத் தமிழாக்கியபோது அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று நான் இரண்டு நாள் திணறினேன். கூலி என்று எழுதினால் தமிழில் அது முதலில் சம்பளத்தைத்தான் குறிக்கும். தொழிலாளி என்று எழுதினால் அன்றைக்கு அவரை அப்படி யாரும் எழுதவில்லை. பத்திரத்தின் படத்தை அப்படியே அச்சிட்டுவிட்டு, கீழே "தாத்தா, பால்மரம் வெட்டியவர்" என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மரம் மட்டுமா வெட்டினாரு? மழை பேஞ்சா வெட்டு இருக்காது, அன்னிக்குக் கால்வாய் தோண்டப் போவாரு. அதையும் போடு" என்றார்.

போட்டிருக்கிறேன்.