இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறதா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் கடலை ஒட்டிய வீடு. இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. சாயங்காலம் வோல்ட்டேஜும் குறைகிறது. யூபிஎஸ் வாங்கலாமா? எத்தனை விஏ?

பதில்: வாங்குங்கள். சிலர், இன்வெர்ட்டரிலேயே 'யூபிஎஸ் மோடு' சுவிட்ச் இருக்கிறதே என்பார்கள். அதைப் போட்டால் பேட்டரிக்குச் சட்டென்று மாறிவிடுவதால் கம்ப்யூட்டர் அணையாதுதான். ஆனால் அந்த மோடில் வோல்ட்டேஜ் 180க்குக் கீழே இறங்கினாலே பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் பேட்டரிக்குப் போய்விடும். உங்கள் வீட்டில் சாயங்காலம் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகும். ராத்திரி நிஜமாகவே கரண்ட் போனால் ஃபேன்கூட ஓடாது.

அதனால் ஏவிஆர் (வோல்ட்டேஜைத் தானே சீராக்கும் அமைப்பு) உள்ள 'லைன் இன்டராக்டிவ்' வகை யூபிஎஸ் தனியாக வாங்குங்கள். குறைந்த வோல்ட்டேஜைப் பேட்டரியைத் தொடாமலே உயர்த்திக் கொடுக்கும். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் விஏவை விட, நிஜமாக எவ்வளவு சுமை தாங்கும் என்று காட்டும் வாட்தான் முக்கியம்: 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட். சாதாரண கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 100, 150 வாட் இழுக்கும். 600 விஏ யூபிஎஸ் அதை 10, 15 நிமிடம் தாங்கும். இன்வெர்ட்டரும் இருப்பதால் அது தாராளம். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் 1000 விஏ பாருங்கள்.

உங்கள் இன்வெர்ட்டர் கொடுக்கும் கரண்டின் அலை வடிவம் சைன் வேவா (லைன் கரண்ட் போன்றது), ஸ்கொயர் வேவா (சதுர அலை) என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் சில யூபிஎஸ்கள் அதைக் கரண்டாகவே ஏற்காது. பீப் அடித்தபடி சொந்த பேட்டரியைத் தின்று தீர்த்து, கடைசியில் அணைந்துவிடும். கடைக்காரரிடம் இதைச் சொல்லியே கேளுங்கள்.

இனி, நம் கரையோர வீடுகளில் பலரும் கவனிக்காத விஷயம், எர்த். வெயில் காலத்தில் மணல் காய்ந்துவிட்டால் எர்த் சரியாகப் பிடிக்காது. புதைத்த குழாயையும் உப்பு அரித்துவிடும். சிபியு பெட்டியின் பின்பக்க ஸ்க்ரூவில் விரல் பட்டால் சுர்ரென்கிறதா? எலெக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 5 வோல்ட்டைத் தாண்டினால் முதலில் எர்த்தையும் வயரிங்கையும் சரிசெய்யுங்கள், யூபிஎஸ் பிறகு. எர்த் இல்லாத வீட்டில் எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் பாதுகாப்பு இல்லை.

யூபிஎஸ்ஸைக் கடல் பார்த்த ஜன்னலடியில் வைக்க வேண்டாம். உப்புக்காற்றில் சர்க்யூட் போர்டு சீக்கிரம் அரித்துப்போகும். பேட்டரி 2, 3 வருடம் வரும், வெக்கையான அறையில் அதற்கும் குறைவு. மாற்று பேட்டரி ராமநாதபுரத்திலேயே கிடைக்கிற மாடலா என்று கேட்டு வாங்குங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டவே மாட்டாதீர்கள்.