பாயிண்ட் இருக்கிறது, அறை கிடைக்கவில்லை: டைம்ஷேர் புக்கிங்கில் என்ன செய்வது?

கேள்வி: பாயிண்ட் முறையிலான டைம்ஷேரில் (விடுமுறை ரிசார்ட்டில் பங்கு வாங்கி, ஆண்டுதோறும் கிடைக்கும் பாயிண்டைக் கொடுத்துத் தங்கும் முறை) உறுப்பினராக இருக்கிறேன். ஆண்டு இறுதியில் ஏழு இரவுகள் தங்குவதற்காக, ஐந்து மாதம் முன்பே இணையதளத்தில் தேடினேன். எந்த ரிசார்ட்டைத் தட்டினாலும் ‘அறை இல்லை’ என்றுதான் வருகிறது. பாயிண்ட் போதுமான அளவு இருக்கிறது. அது காலாவதியாகிவிடுமோ என்ற பயம் வேறு. என்ன செய்யலாம்?

பதில்: சாதாரண ஹோட்டலுக்கு ஐந்து மாதம் தாராளம். டைம்ஷேரில், அதுவும் ஆண்டு இறுதிக்கு, அது தாமதம். பாயிண்ட் இருந்தால் வரிசையில் நிற்கலாம், அவ்வளவுதான், அறை முந்திக்கொண்டவருக்கே.

டிஸ்னி நிறுவனத்தின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பங்கு வாங்கிய ரிசார்ட்டில், போய்ச் சேரும் நாளுக்கு 11 மாதம் முன்பே புக் செய்யலாம். மற்ற ரிசார்ட்டுகள் 7 மாதம் முன்புதான் திறக்கும். ஐந்து மாதத்தில் உள்ளே நுழைகிறவருக்கு முன்னால் இந்த இரண்டு கூட்டமும் வந்து போயிருக்கும். மற்ற நிறுவனங்களில் மாதக் கணக்கு மாறும், ஆனால் படிப்படியாகத் திறக்கும் முறை பரவலானது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த நாட்களைப் பார்த்து, அடுத்த ஆண்டுக்கு இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். எத்தனை மணிக்கு, எந்த ஊர் நேரப்படி திறக்கிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

சரி, இந்த ஆண்டுக்கு வருவோம். ஏழு இரவையும் ஒரே தேடலில் கேட்டால், நடுவில் ஒரு இரவு நிரம்பியிருந்தாலே தளம் மொத்தமாகக் கையை விரித்துவிடும். அதனால் ஒவ்வோர் இரவாகத் தேடுங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து இரவு காலியாக இருந்து, வெள்ளியும் சனியும் மட்டும் இடிக்கலாம். அப்படியென்றால் அந்த ஐந்தை உடனே புக் செய்துவிட்டு, மீதி இரண்டுக்கு மட்டும் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள். ஏழு இரவுக்கும் சேர்த்துக் கொடுத்தால் ஏழும் ஒன்றாகக் காலியாக வேண்டும். இரண்டு இரவு காலியாவது அதைவிட எளிது. கிடைத்ததும் அலுவலகத்துக்குப் போன் செய்து இரண்டு புக்கிங்கையும் இணைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை மாற நேரிடலாம். காத்திருப்பு கைகூடினால் பாயிண்ட் தானாகவே கழிந்துவிடும் என்பதால், பட்டியலுக்கு முடிவுத் தேதி வைக்க வசதி இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் காலாவதி. உங்கள் பாயிண்ட் ஆண்டு, அதாவது ஓர் ஆண்டுப் பாயிண்டைப் பயன்படுத்த வேண்டிய பன்னிரண்டு மாதம், ஜனவரியில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. எந்த மாதம் என்று உங்கள் கணக்குப் பக்கத்தில் பாருங்கள். இந்த ஆண்டு பாயிண்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கும் வசதி பல நிறுவனங்களில் உண்டு. ஆனால் அதற்குத் தனிக் கெடு இருக்கும். டிஸ்னியில் பாயிண்ட் ஆண்டின் முதல் எட்டு மாதத்துக்குள் செய்தாக வேண்டும். தள்ளிவைத்ததை மறுபடியும் தள்ளிவைக்க முடியாது. பலரும் காலாவதித் தேதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு நான்கு மாதம் முன்பே வரும் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். ஆண்டுக் கட்டணம் கட்டி வாங்கிய பாயிண்ட் அப்படி வீணாவதைப் பார்த்தால் மனது பொறுப்பதில்லை. உங்கள் கெடு நெருங்கியிருந்தால், அறை தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள். காத்திருப்புக்குத் தேவையான அளவை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

உறுதி செய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன், எந்த ஆண்டின் பாயிண்ட் கழிகிறது என்று ஒரு வரி இருக்கும். தளம் சில நேரம் அடுத்த ஆண்டுப் பாயிண்டைக் கடனாக எடுத்துவிடும். பிறகு ரத்து செய்தாலும் அது பழைய இடத்துக்குத் திரும்பாமல் போகலாம். அந்த வரியைப் படித்து, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு அழுத்துங்கள்.