எல் சால்வடோரில் நாலு நாள்: கேள்வி பதில்

நீண்ட வார இறுதிக்கு எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது மத்திய அமெரிக்காவில் இருக்கும் எல் சால்வடோர் என்று சொல்லி வைத்தேன். அதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. கேட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, எல்லாரும் கோஸ்டா ரிக்காதான் போகிறார்கள். நீங்கள் ஏன் இந்த ஊரைச் சொல்கிறீர்கள்? (ஹூஸ்டன்)

நாலு நாள் என்று கேட்டதால்தான் தம்பி. பத்து நாள் கையில் இருந்தால் கோஸ்டா ரிக்காவே போங்கள். எல் சால்வடோர் மொத்தமே சுமார் 21,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு. எரிமலை, ஏரி, கடல், காப்பித் தோட்டம், மாயா காலத்து ஊர் எல்லாமே தலைநகர் சான் சால்வடோரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். உங்கள் ஊரிலிருந்து நேர் விமானத்தில் மூன்று மணி நேரம். 2001 முதல் அங்கே புழங்குவது அமெரிக்க டாலர்தான், பணம் மாற்றும் தொல்லையும் இல்லை. போனதுதான் போனோம், குவாத்தமாலாவையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். எல்லையில் காத்திருந்தே அரை நாள் போய்விடும்.

பாதுகாப்பு எப்படி? வீட்டில் அம்மா பெயரைக் கேட்டதுமே வேண்டாம் என்கிறார்கள். (டாலஸ்)

அம்மா பயப்படுவதில் தப்பில்லை. 2015 வாக்கில் உலகிலேயே கொலைகள் மிக அதிகமாக நடந்த நாடுகளில் இதுவும் ஒன்று, எல்லாம் கும்பல்களின் ஆட்டம். 2022 மார்ச்சில் அவசரநிலை கொண்டுவந்து 80,000 பேருக்கு மேல் பிடித்து உள்ளே போட்டார்கள். அதற்குப் பிறகு தெருக்கள் அடியோடு மாறிவிட்டன. இரவு ஒன்பது மணிக்குக் குழந்தைகளோடு குடும்பங்கள் பழைய நகரச் சதுக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகின்றன. பக்கத்திலேயே துப்பாக்கியோடு சிப்பாயும் நிற்பார்.

அப்படிப் பிடிக்கப்பட்டவர்களில் குற்றமே செய்யாதவர்களும் இருக்கிறார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் தொடர்ந்து சொல்கின்றன. அதையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். சுற்றுலா வருபவருக்குத் தொந்தரவு அநேகமாக இல்லை. பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும், சிப்பாய்களையும் போலீஸையும் படம் எடுக்காதீர்கள், இரவில் ஊருக்கு வெளியே கார் ஓட்டாதீர்கள்.

என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட். ஏதாவது சிக்கல் வருமா சார்? (நியூ ஜெர்சி)

இதை யாரும் சொல்வதில்லை, நல்ல வேளை கேட்டீர்கள். 2023 அக்டோபரில் ஒரு கட்டணம் கொண்டுவந்தார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டிலோ பல ஆப்பிரிக்க நாட்டுப் பாஸ்போர்ட்களிலோ சான் சால்வடோர் விமான நிலையத்துக்கு வருபவர்களிடம், வரி உட்பட 1,130 டாலர். அந்த வழியாக வடக்கே போய் அமெரிக்காவுக்குள் நுழைபவர்களைத் தடுப்பதுதான் நோக்கம். இந்த மாதிரி விதிகள் எப்போது வேண்டுமானாலும் மாறும். அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடமும் தூதரகத்திடமும் உங்கள் விசா விவரத்தைச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க, கனடியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

நாலு நாளை எப்படிப் பிரிப்பது? (சார்லட்)

முதல் நாள் சான் சால்வடோர் பழைய நகரம். கதீட்ரலின் நிலவறையில் பேராயர் ரொமேரோவின் கல்லறை இருக்கிறது. ஏழைகளுக்காகப் பேசிய அவரை 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். 2018-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். நீங்கள் இறங்கும் விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் எல் ரொசாரியோ தேவாலயம். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ கான்கிரீட் கிடங்கு மாதிரி இருக்கும், அப்படியே திரும்பிவிடாதீர்கள். உள்ளே வளைந்த கூரை முழுக்க வண்ணக் கண்ணாடி, வெயில் நகர நகரத் தரையில் நிறங்களும் நகரும். சிற்பி ரூபென் மார்த்தினெஸ் வடிவமைத்தது, 1971-இல் முடிந்தது.

இரண்டாம் நாள் சாண்டா அனா எரிமலை, 2,381 மீட்டர். வழிகாட்டியோடு குழுவாகத்தான் விடுவார்கள், போய்வர நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதி வெறும் கல், நிழலே கிடையாது. மேலே குளிர் காற்று அடிக்கும், கந்தக நெடி மூக்கில் ஏறும், கீழே எரிமலை வாய்க்குள் பச்சை நிற ஏரி. எதிரே கறுப்பாக, மொட்டையாக நிற்பது இசால்கோ எரிமலை. 1770-இல் முளைத்து, இரண்டு நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறையக் கக்கிக்கொண்டே இருந்தது. கடலில் போகிற மாலுமிகள் அதை 'பசிபிக்கின் கலங்கரை விளக்கம்' என்பார்களாம். அந்தத் தீயைப் பார்க்கவென்றே எதிர்மலையில் ஓட்டல் கட்டினார்கள், கட்டி முடிக்கிற சமயத்தில் எரிமலை அடங்கிப் போயிற்று. இறங்கியதும் கோவாதெபெக்கே ஏரிக்கரையில் சாப்பாடு.

மூன்றாம் நாள் மலைக் காப்பி ஊர்கள்: ஹுவாயுவா, அபனேகா, அதாகோ. ஹுவாயுவாவில் உணவுச் சந்தை சனி, ஞாயிறுதான், அதற்கேற்ப நாளைப் போட்டுக்கொள்ளுங்கள். நாலாம் நாள் உங்கள் இஷ்டம். எனக்கென்றால் கடலைவிடப் பிடித்தது பழைய ஊரான சுசிதோதோதான்.

நான் ஏற்கெனவே குவாத்தமாலாவின் மாயா நகரம் தீகால் பார்த்துவிட்டேன். இங்கே மாயா இடிபாடு பார்க்க வேண்டுமா? (சிகாகோ)

தீகால் பார்த்தவர்தான் ஹோயா தெ செரென் பார்க்க வேண்டும். கோபுரம் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும், தகரக் கூரைக்கு அடியில் நாலைந்து மண் வீடுகள்தான். ஆனால் மாயா என்றாலே அரசன், பிரமிடு என்று பார்த்து அலுத்த நமக்கு, விவசாயி எப்படி வாழ்ந்தான் என்று காட்டுகிற இடம் இது. கி.பி. 600 வாக்கில், ஒரு கிலோமீட்டர் தூரம்கூட இல்லாத லோமா கால்தெரா எரிமலை வெடித்து ஊரையே சாம்பலில் மூடிவிட்டது. 1976-இல் தானியக் கிடங்கு கட்டப் புல்டோசர் விட்டபோதுதான் வெளியே வந்தது. பானையில் விதை, தோட்டத்தில் வரிசையாக நட்ட செடிகளின் அச்சு, நீராவிக் குளியல் அறை, பாத்திரத்தில் உணவை வழித்த விரல் தடம்கூடக் கிடைத்திருக்கிறது. வெடிப்பில் சிக்கிச் செத்தவர் உடல் மட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, எல்லாரும் ஓடித் தப்பித்திருக்க வேண்டும். பக்கத்தில் மரவள்ளி வயலும் கண்டுபிடித்தார்கள். மாயா மக்கள் மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்தார்கள் என்ற எண்ணத்தை மாற்றிய கண்டுபிடிப்பு அது. 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

சுத்த சைவம் நாங்கள். பட்டினிதானா? (அட்லாண்டா)

புபுசா இருக்கும்வரை பட்டினி இல்லை, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். மக்காச்சோள மாவை உருட்டி, கொழுக்கட்டைக்குச் செப்பு செய்கிற மாதிரி குழித்து, உள்ளே பூரணம் வைத்து மூடி, இரண்டு கையிலும் தட்டித் தட்டிக் கல்லில் போடுவார்கள். ஓரத்தில் சீஸ் கசிந்து கருகும், அந்த ஓரம்தான் ருசி. மேலே புளிப்பேறிய முட்டைக்கோஸும் நீர்த்த தக்காளிச் சாறும். கையால்தான் சாப்பிட வேண்டும், முள்கரண்டி கேட்டால் சிரிப்பார்கள்.

'ரெவுவெல்தா' என்றால் பன்றி இறைச்சி கலந்தது, அது வேண்டாம். 'கேசோ கோன் லொரோகோ' கேளுங்கள், சீஸோடு லொரோகோ என்ற பூமொட்டு போட்டது. பயறு வைத்ததில் ஒரு பிரச்சினை, பயறைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது அங்கே வழக்கம். 'மன்தேகா' உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கல்லிலும் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் போடுவார்கள், அதைப் பொறுக்க முடியாதவர்கள் சமையலறை உள்ள அறையாக எடுத்துக்கொள்வது நல்லது.

குழந்தைகளோடு கடலில் இறங்கலாமா?

எல் தூங்கோ, எல் சோந்தே எல்லாம் அலைச்சறுக்கு ஆட்களின் இடம். கறுப்பு மணல், கல், உள்ளே இழுக்கிற நீரோட்டம். சூரியன் மறைவதைப் பாருங்கள், குளிப்பதை ஏரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிட்காயின் வைத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். 2021-இல் சட்டப்படியான பணமாக்கினார்கள், 2025-இல் கடைக்காரர் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகள் நிறைய எடுத்துப் போங்கள். நூறு டாலரை நீட்டினால் புபுசா கடையில் சில்லறை இருக்காது.

எந்த மாதம் நல்லது? அப்புறம் என்ன வாங்கி வரலாம்? (டொராண்டோ)

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை இருக்காது. மே முதல் அக்டோபர் வரை காலையில் வெயில், மதியத்துக்கு மேல் கொட்டும். அப்போது போனால் மலை ஏறுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், விலையும் கொஞ்சம் குறையும்.

வாங்க வேண்டியது காப்பிக் கொட்டை, முக்கியமாக பகமாரா. பெரிய கொட்டை, அந்த நாட்டிலேயே உருவாக்கிய ரகம். அப்புறம் சுசிதோதோவில் நீலச் சாயம் போட்ட துணி. காப்பி வருமுன் அந்த நாட்டின் பெரிய ஏற்றுமதியே சாயம்தான், செடியும் நம் அவுரியின் இனம். முதல் சில தடவை தனியாகத் துவையுங்கள், வெள்ளை வேட்டியோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.